டிடெக்டர் கத்துகிறது, காசு வரவில்லை: கடலூர், புதுச்சேரி மனைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மெட்டல் டிடெக்டர் தகராறு செய்தால் எல்லோரும் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் மெஷின் சரியாகவே இருக்கும். உப்பேறிய ஈரம், இரும்புச் சத்துள்ள செம்மண், செங்கல் இடிபாடு, துருப்பிடித்த ஆணி, பக்கத்தில் ஓடும் இன்வெர்ட்டர் என்று ஆளுக்கொரு பக்கம் அதைக் குழப்புகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் குழப்பும் விதம் வேறு. காதால் அதைப் பிரித்தறியப் பழகிவிட்டால் வீணாகத் தோண்டும் குழிகள் பாதியாகக் குறையும். பழைய வீடுகளின் முற்றம், தோட்டம், கொல்லை ஆகிய இடங்களில் சாதாரண வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அலைவரிசை) வகை டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களுக்காக, அறிகுறி வாரியாக இதை எழுதியிருக்கிறோம்.

மெஷினை எடுக்கும் முன் இடம் சரியா என்று பாருங்கள்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே டிடெக்டரோடு இறங்கவே கூடாது. 1945-ல் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என மூன்று முறை முறையாக அகழ்ந்து, மண்ணடுக்கை வைத்துக் காலம் கணித்த இடம் அது. ஒரு காசைப் பிடுங்கி எடுத்தால், அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி அந்தக் கணமே அழிந்துபோகிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட எல்லை, அதற்கு வெளியே 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட எல்லை. அந்த மொத்த வட்டத்துக்குள்ளும் தேடல் வேண்டாம் என்பதே எங்கள் நிலை. மாநிலத் தொல்லியல் துறையின் பலகை நடப்பட்ட இடங்கள், கோயில் நிலம், புறம்போக்கு இவற்றுக்கும் அதுவேதான்.

மிச்சம் இருப்பது தனியார் மனை. மஞ்சக்குப்பத்திலோ கடலூர் முதுநகரிலோ உள்ள குடும்ப வீடு, புதுச்சேரியில் தெரிந்தவர்களின் பழைய வீடு என்றால், உரிமையாளரிடம் அனுமதியை எழுதி வாங்குங்கள். எங்கே தோண்டலாம், எவ்வளவு ஆழம், கிடைத்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால் ஒருவர் கையெழுத்து போதாது.

அறிகுறி: காயில் அசையாமல் இருக்கிறது, மெஷின் மட்டும் படபடக்கிறது

காயிலை (தண்டின் முனையில் உள்ள வட்டத் தலையை) இடுப்பு உயரத்தில், தரைக்கு இணையாக, ஆடாமல் பிடியுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது மின்காந்த இரைச்சல், அல்லது கேபிள் கோளாறு.

செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். சட்டைப் பையில் இருந்தாலும் தொல்லைதான். பிறகு நின்ற இடத்திலேயே உடம்போடு சேர்ந்து கால் வட்டம் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் அடங்கி இன்னொரு திசையில் கூடினால் காரணம் வெளியே இருக்கிறது: டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பி, எல்.இ.டி. தெருவிளக்கு, சி.சி.டி.வி. கேமரா ஏதாவது ஒன்று. வீட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்று அறிய, வீட்டாரிடம் சொல்லி மெயினை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கிவிடும், அதையும் நிறுத்த வேண்டும். இதை மறப்பதால்தான் பலர் வீட்டு மின்சாரத்தின் மேல் தவறில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

காரணம் தெரிந்தும் அகற்ற முடியாதபோது இரைச்சலைக் கழித்துவிடும் நாய்ஸ் கேன்சல் வசதியை ஓட்டுங்கள். காயில் தரையிலிருந்து விலகி, அசையாமல் இருக்க வேண்டும். அது இல்லாத மெஷினில் அலைவரிசையை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்த்து, அமைதியான படியில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். எடுத்த எடுப்பில் அதைக் குறைப்பவர்கள் ஆழத்தைச் சும்மா இழக்கிறார்கள். நண்பரும் டிடெக்டர் வைத்திருந்தால் இருவருக்கும் இடையே 10 முதல் 15 மீட்டர் இருக்கட்டும்.

எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே சத்தமா? கேபிளைப் பாருங்கள். தண்டில் தொளதொளவென்று சுற்றியிருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் அது ஆடி, அந்த ஆட்டமே சிக்னலாகக் கேட்கும். இறுக்கமாகச் சுற்றி, காயிலுக்கு அருகே மட்டும் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விடுங்கள். இணைப்பு முனையில் பச்சை படிந்திருந்தால் கடல் காற்றின் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். காயில் உறையைக் கழற்றிப் பார்ப்பதும் அவசியம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒருமுறை போய் வந்த மெஷினில் உறைக்கும் காயிலுக்கும் நடுவே ஈர மணல் சேர்ந்திருக்கும். அதில் உள்ள உப்பும் கரு மணலும் உங்களோடு மனைக்கு வந்து பொய்ச் சிக்னல் கொடுக்கும்.

அறிகுறி: மேலே அமைதி, தரையில் இறக்கினால் இரைச்சல்

இது மண். எந்த மண் என்பதில்தான் தீர்வு இருக்கிறது.

கேப்பர் மலை, ஆரோவில் மேடு, திருவக்கரை பக்கம் எல்லாம் கடலூர் மணற்பாறையிலிருந்து வந்த செம்மண். இரும்பு ஆக்சைடு அதிகம். கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடும்படி மெஷினைச் சமன் செய்வது) செய்யாமல் அங்கே வேலை நடக்காது. உலோகம் இல்லாத ஒரு சதுர மீட்டரைத் தேர்ந்துகொள்ளுங்கள். காயிலைத் தரைக்கு மூன்று சென்டிமீட்டர் மேலேயிருந்து முழங்கால் உயரம் வரை நிதானமாக ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சத்தம் ஒன்றாக ஒலிக்கும்வரை தானியங்கிப் பொத்தானை அழுத்தியிருங்கள். வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு அடி தள்ளி மறுபடி செய்யுங்கள். இரண்டு எண்ணும் நெருக்கமாக இருந்தால் சரி. வெகுவாக விலகினால் முதல் இடத்தில் புதைந்த இரும்பின் மேல் பேலன்ஸ் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முற்றத்தில் செய்த பேலன்ஸ் கொல்லைக்கு ஒத்துவராது. பழைய மனைகளில் பத்தடிக்குள் மண் மாறும். புதுச்சேரியின் பழைய பகுதியில் இது இன்னும் மோசம். 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு அதே இடத்தில்தான் நகரம் மறுபடி எழுந்தது. தோட்டத்தில் ஒரு சாண் தோண்டினாலே உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வரும் மனைகள் உண்டு. சூளையில் சுட்டு ஆறும்போது செங்கல்லுக்கு லேசான காந்தத் தன்மை வந்துவிடுகிறது, அதனால் இடிபாட்டின் மேல் காயில் போகும்போது முனகல் மாதிரி ஒரு தாழ்ந்த சத்தம் தொடர்ந்து கேட்கும். மண் மாற மாறத் தானே பேலன்ஸ் செய்யும் டிராக்கிங் வசதி உள்ள மெஷினில் அதைப் போட்டுவிடலாம். ஆனால் நல்ல சிக்னல் ஒன்றைச் சோதிக்கும்போது அணைத்துவிடுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வீசினால் டிராக்கிங் அந்தக் காசையே மண்ணாக எண்ணிச் சமன் செய்துவிடும்.

கெடிலம், உப்பனாறு கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்களில் சிக்கல் இரும்பு அல்ல, உப்பு. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதால், உலோக வகையைக் காட்டத் திரையில் வரும் எண்களில், மெல்லிய அலுமினியத் தாளுக்கு வருவது போன்ற தாழ்ந்தவை எங்கும் தெறிக்கும். ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷினால் இரும்பு மண்ணையும் உப்பையும் ஒரே நேரத்தில் சமன் செய்ய முடியாது. காரெட் ஏஸ் 250 (6.5 கிலோ ஹெர்ட்ஸ்) மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் சென்சிடிவிட்டியை இரண்டு மூன்று படி இறக்கி, காயிலைத் தரையிலிருந்து நான்கு விரல் தூக்கி, வீச்சை மெதுவாக்க வேண்டும். ஈக்வினாக்ஸ், லெஜண்ட் போன்ற பல அலைவரிசை மெஷின்களில் பீச் மோடு போட்டால் தோட்டமே ஆனாலும் அமைதியாகிவிடும். தாழ்ந்த எண்களை முழுவதும் வெட்டிவிடுவது சுலபமான வழிதான், ஆனால் பணம் எனப்படும் பழைய தங்கக் காசும் அதோடு போய்விடும். அரை கிராம்கூட இல்லாத அந்தச் சின்னக் காசுகள் அதே எண்களில்தான் ஒலிக்கும்.

உப்பு மண்ணில் மழைக்காலத்தைவிடப் பங்குனி, சித்திரை நல்லது. செம்மண்ணில் நேர்மாறு: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது தோண்டுவது எளிது, காசில் கீறலும் விழாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கூர்மையாகக் கேட்டு, தோண்டினால் செம்புறாங்கல் துண்டு வந்ததா? அதை எடுத்துக் காயிலுக்கு முன்னால் ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் காரணம் கல்லேதான். அந்தத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த மனையில் அதன் எண்ணைத் தவிர்த்துவிடலாம்.

அறிகுறி: காசு போல உயர்ந்த டோன், எடுத்தால் ஆணி

இங்கே அதிகம் நேரம் தின்பது இதுதான். நாட்டு ஓடு வேய்ந்த வீடு ஒருமுறை பிரிக்கப்பட்டிருந்தால், சட்டமும் ரீப்பரும் அடித்த ஆணிகள் மனை முழுக்க இறைந்து கிடக்கும். கூடவே கதவு வளையம், கீல், தகர ஷீட் துண்டு, பல வருடத் தீபாவளிகளின் கம்பி மத்தாப்புக் கம்பிகள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது கூரைகள் பறந்த தெருக்களில் கேட்கவே வேண்டாம்.

இரும்பு ஏன் காசு போல ஒலிக்கிறது? துருவேறிய தட்டையான இரும்பு, வளைந்த ஆணி, வளையம் ஆகியவற்றில் சுழல் மின்னோட்டம் பலமாக ஓடும். அப்போது காந்தத் தன்மையால் வரும் பதிலை அது மூடிவிட, மெஷின் அதை நல்ல கடத்தியாக எண்ணி எண் வரிசையின் உச்சியில் காட்டுகிறது. எண் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாலே சந்தேகப்படுங்கள்.

சிக்னல் வந்த இடத்தில் மண்வெட்டியைத் தொடும் முன் மூன்று சோதனை. முதலாவது, ஒரு திசையில் வீசிய பிறகு நீங்கள் 90 டிகிரி நகர்ந்து நின்று குறுக்காக வீசுங்கள். தட்டையாகக் கிடக்கும் காசு இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆணி ஒரு பக்கம் இனித்து, மறுபக்கம் உடைந்து கரகரக்கும். இரண்டாவது, பின்பாயிண்ட் மோடில் (பொருளுக்கு நேர் மேலே காயில் வரும்போது சத்தம் கூடும்) மையத்தைக் குறித்துக்கொண்டு, சாதாரண மோடில் உயர்ந்த டோன் எங்கே வருகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் விலகல் இருந்தால் அது ஆணியின் முனை. மூன்றாவது, இரும்பைத் தள்ளும் அமைப்பை எடுத்துவிட்டு எல்லா உலோகமும் கேட்கும்படி வையுங்கள். உயர்ந்த டோனின் இரு ஓரத்திலும் தாழ்ந்த உறுமல் ஒட்டியிருந்தால் பெரிய இரும்பு. அப்படியே காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். முழங்கால் உயரம் வரை சத்தம் விடாமல் வந்தால் காசாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் மூன்றிலும் தோற்ற சிக்னல் எல்லாம் குப்பை என்று விட்டுவிடாதீர்கள். ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் ஆணியின் உறுமல் காசை விழுங்கிவிடும். ஒரு திசையில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில், சின்னதாக ஒரு தெளிவான சத்தம் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தைத் திறக்கலாம். 11 அங்குலக் காயிலைக் கழற்றிவிட்டு 6 அங்குலக் காயில் போடுவது இந்த மாதிரி மனைகளில் எந்த அமைப்பு மாற்றத்தையும்விடப் பலன் தரும். காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் வரும் ஆணிகளின் எண்ணிக்கை குறைந்துவிடுவதுதான் காரணம். ரெகவரி ஸ்பீடை (ஒரு சத்தத்திலிருந்து மீண்டு அடுத்ததைப் பிடிக்கும் வேகத்தை) கூட்டுங்கள், வீச்சைக் குறையுங்கள்.

அதற்கும் முன்பாக, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்து வாருங்கள். மேலாகக் கிடக்கும் ஆணியும் மத்தாப்புக் கம்பியும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு சதுரத்தை இப்படிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி வீசினால், முன்பு ஊமையாக இருந்த இடம் பேசத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

அறிகுறி: எண் சரியாக நிற்கிறது, கிடைப்பது மூடியும் பத்துப் பைசாவும்

மெஷினோடு வரும் எண் பட்டியல் அமெரிக்க, ஐரோப்பியக் காசுகளுக்காகப் போட்டது. நம் காசுக்கு நீங்களே ஒரு பட்டியல் போட வேண்டும். மரப்பலகை ஒன்றில், உலோகம் இல்லாத இடத்தில், கீழே சொல்பவற்றை ஒவ்வொன்றாக வைத்து, ஒரு சாண் உயரத்தில் காயிலை ஓட்டி எண்ணைக் குறியுங்கள்: செம்புக் காலணா, ஓட்டைக் காலணா, வெள்ளி ரூபாய், அலுமினியப் பத்துப் பைசா, 1992-க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய், மாத்திரை அட்டை, சோடா மூடி, மதுப் புட்டியின் அலுமினியத் திருகு மூடி, வலை ஈயம்.

திருகு மூடிதான் புதுச்சேரி மனைகளின் பெரிய ஏமாற்று. முழு மூடி செம்புக் காசுக்குப் பக்கத்தில் எண் காட்டும். வித்தியாசம் ஓசையில் இருக்கிறது: மூடி பெரிதாக, பரந்து ஒலிக்கும், காசு குறுகி நறுக்கென்று முடியும். எஃகு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் வகை என்பதால் இரும்புக்கும் காசுக்கும் நடுவே எண் குதிக்கும். சோடா மூடியும் அப்படித்தான் குதிக்கும். காலணாவிலும் ஒரு கவனம் தேவை. ஆரம்பத்தில் செம்பில் 6.47 கிராம் எடை. 1906-லிருந்து வெண்கலத்துக்கு மாறி 4.86 கிராம் ஆனது. விட்டம் ஒன்றுதான், ஆனால் உலோகம் வேறு என்பதால் எண்ணும் சற்று இறங்கும். பட்டியலில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

வலை ஈயத்தைத் துப்பாக்கிக் குண்டு என்று நினைத்துச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. மெஷின் இரண்டையும் பிரிக்காது, தராசும் வெர்னியரும் பிரிக்கும். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் உருண்டை சுமார் 17.5 மில்லிமீட்டர், 31 கிராம் சொச்சம். பிரெஞ்சுச் சார்லவீல் துப்பாக்கிக்கு உரியது சுமார் 16.5 மில்லிமீட்டர், 26 முதல் 27 கிராம். வலை ஈயத்தில் கயிறு கோத்த துளையோ மடித்த மடிப்போ இருக்கும். இரண்டிலும் மேலே படியும் வெள்ளைப் பொடி நஞ்சு. கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: சிக்னல் இருந்தது, குழி தோண்டியதும் காணாமல் போனது

குழியை மேலும் ஆழமாக்குவதுதான் எல்லோரும் செய்வது, அதுவே தவறு. காசு குழிக்குள் இல்லாமல் வெளியே போட்ட மண்ணில் இருக்கலாம். அதனால்தான் தோண்டிய மண்ணைத் தரையில் கொட்டாமல் சாக்கின் மேல் போடச் சொல்கிறோம். முதலில் குழியின் மேல் காயிலை ஓட்டுங்கள், பிறகு சாக்கின் மேல். சாக்கில் சத்தம் வந்தால் மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் கையில் அள்ளிக் காயிலுக்கு முன்னே காட்டுங்கள். மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். சத்தம் வரும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். களிமண் கட்டியில் காசு ஒட்டியிருந்தால் விரலால் பிதுக்காதீர்கள்; மெல்லிய பணம் வளைந்துவிடும். கட்டியை இரு கையாலும் பிடித்து ரொட்டியைப் பிய்ப்பது போல மெதுவாகப் பிரித்தால், காசின் தட்டையான முகத்தோடு சேர்ந்தே மண் பிளக்கும். ஒரு பக்கம் காசு, எதிர்ப்பக்கம் அதன் அச்சு பச்சை நிறத்தில் தெரியும். துடைக்க வேண்டாம், அப்படியே வையுங்கள்.

இரண்டு இடத்திலும் சத்தம் இல்லையா? காசு குழியின் ஓரத்தில் செங்குத்தாகத் திரும்பி நிற்கலாம். பின்பாயிண்டர் என்ற சின்னக் கைக்கருவியைக் குழிச் சுவர் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். அங்கும் இல்லாவிட்டால், பெரும்பாலும் அது துரு கரைந்து பரவிய மண். கலைத்ததும் சிக்னல் போய்விடும். மண்ணைப் போட்டு மூடிவிட்டு நகருங்கள்.

பின்பாயிண்டர் எதன் மேலும் அதிர்ந்துகொண்டே இருந்தால், குழிக்குள் மண்ணைத் தொட்டபடி அணைத்து மறுபடி இயக்குங்கள். அந்த மண்ணையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு அடங்கிவிடும்.

அறிகுறி: காசின் நடுவே மண்வெட்டி வெட்டு

கடப்பாரையும் மண்வெட்டியும் இந்த வேலைக்கு வேண்டாம். களைக்கொட்டு அளவிலான கைக்கருவி போதும். மையத்தைக் குறித்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி முக்கால் வட்டமாக வெட்டி, புல்லோடு மண்ணைக் கீல் மாதிரி ஒரு பக்கம் மடக்குங்கள். மையத்தை நோக்கி எப்போதும் பக்கவாட்டில் போக வேண்டும், மேலிருந்து குத்தக் கூடாது. கோடையில் மண் கல்லாக இருந்தால் முந்தின மாலை ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி வையுங்கள். உப்புத் தண்ணீர் விடும் ஆழ்துளைக் கிணறு என்றால் தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: நூறு வருட வீடு, ஆனால் இருபது வருடக் குப்பைதான் வருகிறது

மெஷினில் ஆழம் போதவில்லை என்று நினைத்துப் பெரிய காயில் வாங்கப் போகாதீர்கள். தெரு உயர உயர, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க இங்கே எல்லோரும் மனையில் மண் அடித்து உயர்த்தியிருக்கிறார்கள். கரையோரத் தெருக்களில் 2004 சுனாமி விட்டுப்போன மணலும் உண்டு. பழைய தரை முழங்கால் ஆழத்துக்குக் கீழே போயிருந்தால், காசு அளவுப் பொருளை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை மட்டுமே பிடிக்கும் மெஷின் என்ன செய்யும்?

உயர்த்தாத இடத்தைத் தேடுங்கள். பழைய மாமரம், புளியமரத்தின் வேர்ப் பிடி தெரியும் இடத்தில் மண் ஏற்றியிருக்க மாட்டார்கள். கிணற்றடி, துவைக்கும் கல்லைச் சுற்றி, மாட்டுக்கொட்டகை இருந்த மூலை, கொல்லை வாசல்படிக்கு வெளியே மூன்றடி ஆகியவை நன்றாக இருக்கும். இடுப்பு மடிப்பிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் காசு விழுந்தது இந்த இடங்களில்தான். எவ்வளவு மண் ஏறியிருக்கிறது என்பதைப் படியின் எண்ணிக்கையில் பார்க்கலாம்: முன்பு மூன்று படி ஏறிய திண்ணைக்கு இன்று ஒரு படிதான் இருக்கிறதென்றால், இரண்டு படி உயரத்துக்கு மண் ஏறியிருக்கிறது.

பழைய தரையை எட்டுவதற்காகப் பள்ளம் வெட்டாதீர்கள். கலைந்த மேல்மண்ணில் உதிரியாகக் கிடக்கும் காசு வேறு, அதற்குக் கீழே கலையாமல் இருக்கும் சாம்பல் அடுக்கு, பானை ஓட்டு அடுக்கு, செங்கல் தளம் வேறு. பின்னது தொல்லியலாளரின் வேலை. கருவி அப்படி ஓர் அடுக்கைத் தொட்டதும் நிறுத்துங்கள், ஒரு படம் எடுத்துவிட்டு மூடுங்கள்.

அறிகுறி: வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாளில் காசில் வெளிர்ப் பச்சைப் பொடி

கடலோர மண்ணில் கிடந்த செம்புக்கு இது வழக்கமான நோய். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கும், காற்றின் ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு காசைத் தின்னத் தொடங்கும். கரும்பச்சையாக, வழவழப்பாக, கெட்டியாக இருப்பது நோயல்ல. அது காசைக் காக்கும் மேல்பூச்சு. குண்டூசியால் தொட்டாலே உதிரும் வெளிர்ப் பொடிதான் நோய்.

புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரப் பொடி, விபூதி எதுவும் கூடாது. குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் புளி, காசின் எழுத்தைச் சுமக்கும் அந்தப் பச்சைப் படலத்தையே கரைத்துவிடும். ஒருபுறம் லில்லிப் பூவும் மறுபுறம் தமிழில் ‘புதுச்சேரி’ என்ற எழுத்தும் பொறித்த பிரெஞ்சுக் காலத்துத் துட்டில், அந்த எழுத்து பல நேரம் உலோகத்தில் இருப்பதைவிடப் படலத்தில்தான் இருக்கும். புளி போட்ட பிறகு மிஞ்சுவது வழுவழுப்பான சிவப்புத் தகடு.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தளர்ந்த மண்ணை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த தண்ணீரில் நனைத்து விடுங்கள், தேய்க்க வேண்டாம். நிழலில் ஒரு நாள் உலர வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு, ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் போடுங்கள். உறையின் மேல் தேதி, மனையில் எந்த மூலை, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதுவும் செம்பைப் பச்சையாக்கும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி மாறும். உள்ளே ஈரம் போகாதவரை நோய் வளராது. அதற்கு மேல் வேதிச் சிகிச்சை எதுவும் அருங்காட்சியகத்தின் வேதிப் பிரிவு செய்ய வேண்டியது.

அறிகுறி: ஒரு காசு அல்ல, நிறையக் காசு, அல்லது பானை, சிலை, பீரங்கிக் குண்டு

கை எடுங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் கண்டெடுத்தவருக்குரிய பங்கு பறிபோவதோடு, ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆகவே தனிக் காசுக்கும் இது பொருந்தும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்புவதும், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்வதும் குற்றம்.

பானை கண்ணில் பட்டால் மேலே தெரியும் அளவோடு நிறுத்தி, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி, அதன் மேல் எடுத்த மண்ணையே லேசாகத் தூவுங்கள். வெயில் பட்டால் பழைய பானை ஓடு விரிசல் விடும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியருக்கு அன்றைக்கே சொல்லிவிட்டு, ஆட்சியருக்கான கடிதத்தில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். படத்தைத் தகவல் சொல்லும் முன் யாருக்கும் அனுப்பாதீர்கள். ராத்திரியே ஆட்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள்.

தேவனாம்பட்டினம், குண்டு உப்பலவாடி, கடலூர் முதுநகர் சுற்றுவட்டாரத்தில் இரும்பு உருண்டை வந்தால் தனிக் கவனம். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள், 1783-ல் கடலூர் முற்றுகை நடந்தது. அந்தப் போர்களில் திடக் குண்டும் சுட்டார்கள், உள்ளே வெடிமருந்து அடைத்த கூட்டுக் குண்டும் சுட்டார்கள். மண்ணோடு இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. சுத்தியால் தட்டாதீர்கள், துளை தேடிக் குச்சி விடாதீர்கள், துரு எடுக்க நெருப்பில் காட்டாதீர்கள். இடத்தில் கொடி நட்டு, எல்லோரையும் விலக்கி, 112-க்குக் கூப்பிடுங்கள். அங்கேயே நிற்க வேண்டிய அவசியம் வந்தால் டிடெக்டரையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு மறுபக்கம் போய் நில்லுங்கள்.